உள்ளாட்சிப் பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பது?

உள்ளாட்சி மன்றத்துக்குப் புதிதாகத் தேர்வான ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இரண்டு அறை நிறையப் பழைய கோப்புகள், உட்கார இடமில்லை, ஏழு ஆண்டு தாண்டிய எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிட்டு அழித்துவிடலாம் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறது. கை தூக்கலாமா? பொதுவாக ஓர் உள்ளாட்சி தன் பதிவுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

தூக்காதீர்கள். அறை காலியாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அந்த இரண்டு அறையில் பெரும்பகுதி என்றோ போயிருக்க வேண்டியதுதான். என் சண்டை அந்த ஏழோடு மட்டும். எழுதுபொருள் வழங்கிய பட்டியலுக்கு ஏழு ஆண்டு ரொம்ப அதிகம், நிலப் பத்திரத்துக்கும் குழந்தைகள் நலக் கோப்புக்கும் ஏழு என்பது அநியாயம். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்று சொல்பவர் பதிவறைக்குள் போய் ஒரு கோப்புக் கட்டையாவது பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்.

இருபது ஆண்டுக்கு மேல் பதிவறைகளில் தூசி தட்டியவன் நான். எத்தனை ஆண்டு என்று கேட்பவர்கள் நிறையப் பேர், எப்போதிலிருந்து என்று கேட்டவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். தவறு நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சாலை ஒப்பந்தக் கோப்புகளுக்கு 5 ஆண்டு என்று விதி. எழுத்தர் நல்ல மனிதர், விதியை மதிப்பவர், ஒப்பந்தப்புள்ளி திறந்த தேதியிலிருந்து சரியாக 5 ஆண்டு எண்ணிக் கட்டை அழிப்புக்கு அனுப்பிவிட்டார். ஆனால் அந்த வேலை முடியவே மூன்று ஆண்டு ஆனது, அதற்கப்புறம் பழுது வந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம் இரண்டு ஆண்டு, அதற்கும் அப்புறம் அவர் கூடுதல் மண் தோண்டினேன், பணம் கொடு என்று வழக்குப் போட்டார். அவர் கையில் எல்லாக் கணக்கும் இருந்தது. எங்கள் பக்கம் பில் நகல் மட்டும் மிஞ்சியிருந்தது. எத்தனை அடி தோண்டினார்கள் என்று அன்றன்றைக்கு எழுதிய அளவுப் புத்தகம் போய்விட்டது. எழுத்தர் விதியை மீறவில்லை. விதியில் 5 என்று இருந்தது, எதிலிருந்து 5 என்று இல்லை, அவ்வளவுதான்.

கடிகாரம் காகிதம் பிறந்த நாளில் ஓடத் தொடங்கக் கூடாது. அந்த விவகாரம் முடிந்த நாளில்தான் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் கடைசிப் பணம் கொடுத்து, பழுதுக்காலமும் முடிந்த பிறகு. ஊழியரின் பணிப்பதிவேடு என்றால் அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்துகூட இல்லை, அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கடைசி ஓய்வூதியம் போன பிறகு. கட்டட வரைபட அனுமதி என்றால் அந்தக் கட்டடம் நிற்கும் வரை, இடித்த பிறகும் கொஞ்ச காலம். அடித்தளத்தில் என்ன இருக்கிறது என்று அடுத்து கட்டுபவன்தான் முதலில் கேட்பான்.

வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் கெடுவும் இங்கே முக்கியம். அது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டுக்குள்ளும் மாறும். இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டு காலவரைச் சட்டப்படி சாதாரண ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, உரிய முறையில் பத்திர வடிவில் நிறைவேற்றியதற்கு 12 ஆண்டு. ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்தான இரண்டு காகிதம், ஒன்றின் ஆயுள் மற்றதைப் போல இரு மடங்கு. ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவரின் உடல்நலப் பதிவை அதில் கடைசியாக எழுதிய நாளிலிருந்து 40 ஆண்டு வைக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. அந்தத் தூசியால் வரும் புற்றுநோய் 20, 30, சில சமயம் 40 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால் அந்த எண். நோய் எப்போது வருமோ அதுவரை காகிதம் காத்திருக்க வேண்டும். கடைசியாக எழுதிய நாளிலிருந்து என்று அந்த விதி சொல்வதையும் கவனியுங்கள், எழுதியவர் யாரோ பதிவறையை அறிந்தவர்.

வரவு செலவுச் சீட்டுகள், ரசீது அடிக்கட்டைகள், வங்கி அறிக்கைகள், இவற்றைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தணிக்கை முடிந்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லித் தீர்த்து, அதற்குமேல் உங்கள் சட்டம் சொல்லும் ஆண்டுகள் வைத்தால் போதும். தணிக்கை முடிந்தது வேறு, ஆட்சேபம் தீர்ந்தது வேறு, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நிரந்தரமாக வைக்கவேண்டியது எது என்று அடுத்துக் கேட்பீர்கள். தீர்மானப் புத்தகம், துணைவிதிகள், பிறப்பு இறப்புப் பதிவேடு, மயானப் பதிவேடு, நில உரிமை ஆவணங்கள், எல்லை வரைபடங்கள், குழாய், வடிகால் வரைபடங்கள், இறுதி ஆண்டுக் கணக்கு, வரவு செலவுத் திட்டம். கேட்க நீளமாக இருக்கும், அலமாரியில் அடுக்கினால் சின்னதுதான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தன் நாட்டு மத்திய அரசுக் காகிதங்களில் நிரந்தரமாக வைக்கத் தகுந்தது 1 முதல் 3 சதவீதம்தான் என்கிறது. உள்ளாட்சியில் கொஞ்சம் கூடலாம், நிலமும் பிறப்பும் இறப்பும் அங்கேதான் பதிவாகின்றன. எப்படிப் பார்த்தாலும் இரண்டு அறையில் ஓர் அலமாரிக் கணக்குத்தான் வரும். பழைய அலுவலக வழக்கத்தில் கோப்பை முடிக்கும்போதே இது ஓராண்டு, இது பத்தாண்டு, இது நிரந்தரம் என்று மேலட்டையில் முடிவு எழுதிவிடுவார்கள். அந்த வேலையை அந்தக் கோப்பை அறிந்தவரே அன்றைக்கே செய்தால் அரை நிமிடம். முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் செய்தால் அரை நாள், அதுவும் தப்பாக.

கல்லில் எதை வெட்டுவது, ஓலையில் எதை எழுதுவது என்று உத்திரமேரூர்ச் சபை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரித்து வைத்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும், யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். குடத்தில் போட்ட ஓலைகளில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விதி நிற்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்பதும் அந்தக் கல்லில் இருக்கிறது. இன்றைக்கு ஒரு மன்றத்தில் இந்த விதியை முன்மொழிந்தால் எத்தனை கை தூக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, எது நிரந்தரம் என்பதை அந்தந்தப் பிரிவு எழுத்தரே முடிவு செய்யட்டுமே என்றால், அங்கே ஒரு சிக்கல். அமெரிக்க ஆவணவியலாளர் ஷெல்லன்பர்க் 1956-இல் அதை நன்றாகப் பிரித்துச் சொன்னார். ஒரு காகிதத்துக்கு முதல் பயன் அதை உண்டாக்கிய அலுவலகத்துக்கு, இரண்டாவது பயன் வேறு யாருக்கோ. முதல் பயன் எப்போது தீர்ந்தது என்று எழுத்தருக்குத் தெரியும். இரண்டாவது பயன் எப்போது தொடங்கும் என்று அவரால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரப் பள்ளி வாரியம் 1953-இல் ஹூக்கர் ரசாயன நிறுவனத்திடமிருந்து ஒரு நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது. இந்த நிலத்துக்கு அடியில் ரசாயனக் கழிவு புதைத்திருக்கிறோம், பிற்பாடு யாருக்கு என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று பத்திரத்தின் கடைசியில் ஒரு பத்தி. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, பக்கத்தில் வீடுகள் வந்தன. 1978-இல் அந்த இடத்தின் லவ் கால்வாய் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தபோது, அதிபர் கார்ட்டர் நெருக்கடி நிலை அறிவித்து குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தபோது, அந்த ஒரு பத்தியைத்தான் எல்லாரும் தேடிப் படித்தார்கள். 25 ஆண்டு. உங்கள் தீர்மானத்தின் ஏழு ஆண்டை அங்கே பொருத்திப் பாருங்கள். கழிவு கொட்டிய இடம், வெள்ளம் வந்து நின்ற உயரம், மூடிய கிணறு, இவற்றைப் பற்றிய எந்தத் துண்டுக் காகிதத்தையும் நான் அழிக்க விடமாட்டேன், விதியில் என்ன இருந்தாலும்.

இதைவிட நீண்ட கணக்கு மனிதர்களுடையது. உள்ளாட்சியின் பராமரிப்பில் வளர்ந்த குழந்தையின் கோப்பை, அந்தக் குழந்தையின் 75-ஆவது பிறந்தநாள் வரை வைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி, தத்துக் கோப்பு என்றால் 100 ஆண்டு. முதல்முறை கேட்டபோது இது மிகை என்று நினைத்தவன்தான் நான். பிறகு தேடி வந்தவர்களைப் பார்த்தேன். பதினெட்டு வயதில் யாரும் வருவதில்லை. தனக்குக் குழந்தை பிறந்தபிறகு வருகிறார்கள், மருத்துவர் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டபிறகு வருகிறார்கள், வளர்த்தவர்கள் இறந்தபிறகு வருகிறார்கள். ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி வந்திருந்தார். நாங்கள் கொடுத்த கோப்பில் இருந்தது மொத்தம் ஆறு தாள், அதில் ஒன்று அவரைச் சேர்த்த அன்று கையில் இருந்த உடைமைகளின் பட்டியல், துருப்பிடித்த குண்டூசி காகிதத்தில் பழுப்பாகப் பதிந்திருந்தது. பாவாடை இரண்டு, சீப்பு ஒன்று, ரிப்பன் சிவப்பு. அந்தச் சிவப்பு ரிப்பனைத் தனக்கு நினைவிருக்கிறது என்றார், இத்தனை வருடமாகத் தானே கற்பனை செய்துகொண்டது என்று நினைத்திருந்தாராம். அந்தத் தாளுக்குத் தணிக்கையில் மதிப்பு சுழியம்.

அதே இங்கிலாந்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகள் பற்றிய விசாரணை ஆணையம் 2015-இல் வேலையைத் தொடங்கியபோது, சம்பந்தப்பட்ட எந்தப் பதிவையும் அழிக்கக் கூடாது என்று உள்ளாட்சிகள் உட்பட எல்லா அமைப்புகளுக்கும் சொல்லிவிட்டது. 2022-இல் இறுதி அறிக்கை தந்தபோது, அத்தகைய பதிவுகளை 75 ஆண்டு வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்கவே பல பத்தாண்டு ஆகிறது என்று தெரிந்தபின் வேறு எண்ணை எப்படிச் சொல்ல முடியும்?

இவ்வளவு படித்ததும், பேசாமல் எல்லாவற்றையும் எப்போதும் வைத்துவிடலாமே என்று தோன்றும். பதிவறைக்காரர்களில் பாதிப்பேர் மனசுக்குள் அந்தக் கட்சிதான். நானும் இருந்தேன், ஆம்ஸ்டர்டாம் கதையைப் படிக்கும் வரை.

ஆம்ஸ்டர்டாம் நகரின் மக்கள் பதிவேடு மிக நேர்த்தியானது, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, முகவரி, குடும்பம், மதம். மதம் எதற்கு என்று அமைதிக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, கட்டம் இருந்தது, நிரப்பினார்கள். நாஜிப் படை உள்ளே வந்ததும் யூதர் யார், எந்தத் தெரு, எந்தக் கதவு என்று தேட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பியக்கத்தினர் சிலர், ஓவியர்கள், சிற்பிகள், மாணவர்கள், போலீஸ் உடையில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். காவலர்களை மயக்க ஊசி போட்டு, பக்கத்தில் இருந்த விலங்குக் காட்சிசாலைத் தோட்டத்தில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, அட்டை இழுப்பறைகளை இழுத்துக் கொட்டி வெடி வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்தார்கள், வந்தபின் தேவைக்குமேல் தண்ணீரை அடித்தார்கள், தீயில் தப்பிய அட்டை தண்ணீரில் ஊறட்டும் என்று. அத்தனையும் செய்து அழிந்தது ஏறத்தாழ 15 சதவீதம். காட்டிக்கொடுக்கப்பட்டு 12 பேர் ஜூலை 1-ஆம் தேதி சுடப்பட்டார்கள். நெதர்லாந்தின் யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் போர் முடிந்தபோது உயிருடன் இல்லை.

இதைப் படித்தபிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை. வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவரின் சாதி, மதம், நோய் விவரம், உதவித்தொகை கேட்டவரின் மருத்துவச் சான்று, அண்டை வீட்டுக்காரர் மேல் புகார் கொடுத்தவரின் பெயர், இதெல்லாம் வேலை முடிந்ததும் உரிய நாளில் போய்விட வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதி இதைத்தான் சொல்கிறது, தேவைக்கு மேல் ஒரு நாளும் வைக்காதே என்று. பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கு அதிலேயே விலக்கும் உண்டு. அந்த விலக்கைக் காட்டி எல்லாவற்றையும் பதுக்க நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், விதி வந்துவிட்டது என்று பயந்து பிறப்புப் பதிவேட்டையே அழிக்கலாமா என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொன்று குழம்பும். வைத்திருப்பது வேறு, திறந்து காட்டுவது வேறு. பிரான்சில் பிறப்புப் பதிவேடு நிரந்தரம், ஆனால் 75 ஆண்டு ஆகும்வரை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க முடியாது. ரகசியம் என்பதற்காக அழிப்பதும் தவறு, வைத்திருக்கிறோம் என்பதற்காக மேசைமேல் போட்டுவைப்பதும் தவறு. பூட்டு என்று ஒன்று இருக்கிறதே.

கூட்ட ஒலிப்பதிவு, கண்காணிப்புக் கேமரா, மின்னஞ்சல் என்று புதிதாக வந்தவற்றுக்கு வருகிறேன். கேமராப் பதிவு பல இடங்களில் ஒரு மாதம் கழிந்ததும் தானாக அழிகிறது, அது போதும், யாராவது கேட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து வைத்தால் சரி. கூட்ட ஒலிப்பதிவுக்கு டெக்சஸ் மாநிலம் தன் உள்ளாட்சிகளுக்குத் தரும் அட்டவணையில், எழுத்தில் உள்ள நடவடிக்கைக் குறிப்பை மன்றம் ஏற்ற நாளிலிருந்து 90 நாள் என்று இருக்கிறது. குறிப்பு நிரந்தரம், குரல் மூன்று மாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. எழுத்துக் குறிப்பில் "விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கும், யார் எதற்கு எதிர்த்தார், எதற்காகக் கடைசியில் அடங்கினார் என்பதெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. குறைந்தது அந்த மன்றத்தின் பதவிக்காலமும் அடுத்ததும் முடியும்வரை வைக்கலாம் என்பது என் கட்சி, கணினி வட்டில் இடம் இன்று அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. மின்னஞ்சலுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சொன்ன வழி எளிமையானது, ஒவ்வொரு மடலாகப் படித்துத் தரம் பிரிக்காதே, முடிவெடுக்கும் பதவியில் இருப்பவரின் கணக்கை முழுதாக நிரந்தரமாக வை, மற்றவர்கள் கணக்கைச் சில ஆண்டில் விடு. தலைவர், ஆணையர், பொறியாளர் கணக்குகள் என்று உள்ளாட்சியிலும் அப்படியே செய்யலாம். அவர்கள் சொந்தத் தொலைபேசியில், குழுச் செய்திகளில் முடிவெடுத்தால் இந்த ஏற்பாடு செத்தது, அதற்கு அட்டவணை எழுதி ஒன்றும் செய்ய முடியாது, மன்றத்தில் நீங்கள்தான் எழுந்து கேட்க வேண்டும்.

இப்போது ஸ்கேன். தீர்மானம் போடுபவர்களுக்கு இதில்தான் மயக்கம். ஸ்கேன் எடுப்பதால் எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது, அறையில் இருந்த கேள்வி கணினிக்குள் போகிறது, அவ்வளவே. ஓர் அலுவலகத்தில் துணியில் ஒட்டிய பழைய வடிகால் வரைபடம் ஒன்று இருந்தது. விரித்தால் மேசையை மூடும். எப்போதோ இருந்த ஒரு மேஸ்திரி அதன் மேல் நீலப் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதிவைத்திருந்தார், "படத்தில் உள்ள இடத்தில் இல்லை, பள்ளிச் சுவரிலிருந்து 11 அடி", "இந்த மூடியை 2 ஆள் சேர்ந்து தூக்க வேண்டும்", இப்படி. ஸ்கேன் வேலையை எடுத்த ஆட்கள் செலவு குறைய கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அச்சடித்த கோடுகள் கணீரென்று வந்தன. நீலப் பென்சில் ஒரு எழுத்துகூட வரவில்லை. மூலத்தை அழிக்கும் முன் ஒரு இளம் பொறியாளர் தற்செயலாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் படம் பிழைத்தது. ஸ்கேன் எடுங்கள், தாராளமாக எடுங்கள், நிறத்தில் எடுங்கள், நீண்டகாலக் காப்புக்கென்றே 2005-இல் தரப்படுத்திய பிடிஎஃப்-ஏ வடிவத்தில் சேமியுங்கள், மென்பொருள் கொடுத்தவர் நாளைக்குக் கடையைக் கட்டினாலும் திறக்கும்படி இருக்கட்டும். நிரந்தரப் பட்டியலில் உள்ளவற்றின் மூலத்தை மட்டும் தொடாதீர்கள்.

நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குப் பாரிஸைச் சொல்வேன். அங்கே பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இரண்டு பிரதியாக வைத்திருந்தார்கள், ஒன்று நகர நிர்வாகத்திடம், மற்றது நீதிமன்ற வளாகத்தில். 1871 மே 24 அன்று பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி ஆட்சியின் கடைசி நாள்களில் இரண்டுமே ஒரே நாளில் எரிந்தன. 1860-க்கு முந்தைய ஏறத்தாழ 80 லட்சம் பதிவுகள் போயின. தேவாலயப் பதிவேடு, குடும்பங்கள் வைத்திருந்த சான்று, பத்திர எழுத்தரிடம் இருந்த நகல் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பல ஆண்டு உட்கார்ந்து, மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டார்கள். பிரதி இரண்டு இருந்தும் இரண்டும் ஒரே ஊரில் இருந்ததுதான் வினை. கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று சுரங்க ரயில் வேலையால் மண் சரிந்து நகர ஆவணக் காப்பகக் கட்டடமே இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீள அடுக்குகள், பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இருவர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து 95 சதவீதம் வரை எடுத்துவிட்டார்கள், ஆனால் கிழிந்து, ஊறி, கலந்துபோனதைச் சீராக்கும் வேலை தலைமுறைக் கணக்கில் போகிறது. எவ்வளவு காலம் என்று எழுதினால் போதாது, அந்தக் காலம் முழுக்க எங்கே என்றும் எழுத வேண்டும்.

அழிப்பது எப்படி என்பதற்கும் ஒழுங்கு வேண்டும். என்னென்ன அழிக்கிறோம் என்று பட்டியல், எந்த விதிப்படி என்று எண், சம்பந்தப்பட்ட பிரிவுத் தலைவர், சட்டப் பிரிவு, பதிவறைப் பொறுப்பாளர் மூவர் கையெழுத்து. வழக்கு, விசாரணை, தணிக்கை ஆட்சேபம், தகவல் கேட்டு வந்த மனு, இதில் ஒன்று நிலுவையில் இருந்தாலும் அந்தக் கட்டு நகரக் கூடாது, காலம் எப்போதோ முடிந்திருந்தாலும். எடைக்குப் போடக் கூடாது, துண்டாக்க வேண்டும். அப்புறம் அந்த அழிப்புப் பட்டியல் நிரந்தரப் பதிவு. கோப்பு இல்லை என்று சொல்லும்போது, இந்த நாளில், இந்த விதிப்படி, இவர்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால் அது நிர்வாகம். வெறுமனே காணவில்லை என்றால் அதைக் கேட்பவர் என்ன நினைப்பாரோ அதை நினைக்கத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

கூட்டத்துக்குப் போகும்போது எதிர்த்து மட்டும் பேசாதீர்கள், கையில் மாற்றுத் தீர்மானம் இருக்கட்டும். ஏழு ஆண்டு என்ற சொற்களை எடுத்துவிட்டு, உங்கள் மாநில அல்லது நாட்டு அட்டவணைப்படி என்று போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை ஆண்டு என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த நிகழ்விலிருந்து என்று இன்னொரு கட்டம் கேளுங்கள். அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளுக்கு அழிப்பு அனுமதி இல்லை என்று ஒரு வரி சேருங்கள். முதல் ஆறு மாதம் கணக்குச் சீட்டுகளையும் ஒரே கோப்பின் இரட்டை நகல்களையும் மட்டும் கழித்தால் போதும், என் அனுபவத்தில் அதிலேயே ஓர் அறை காலியாகிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த அறைகளுக்குள் ஒருமுறை போய்வாருங்கள். கட்டுகளைப் பிரிக்க நேரம் இருக்காது, பரவாயில்லை. ஒரு ஏணி கேட்டு பீரோக்களுக்கு மேலே மட்டும் பாருங்கள். வரைபடங்கள் அலமாரிக்குள் நுழையாததால் சுருட்டி அங்கேதான் வீசியிருப்பார்கள், எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஸ்கேன் எடுக்க வருபவரும் அதை எண்ணியிருக்க மாட்டார்.